நம்ம வண்டி

வாஜித் வேலை செய்வதைப் பார்த்தவர்களைவிட அவன் சும்மா நிற்பதைப் பார்த்தவர்கள்தான் அதிகம். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், லேத் பட்டறைக்கும் ஒரு வெல்டிங் கடைக்கும் நடுவில் அவனுடைய தகர ஷெட் இருக்கிறது. அதற்குள் ஏதாவது ஒரு பழைய காரின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அரை மணி நேரமாகும், ஒரு மணி நேரமாகும். கூரையின் ஆணி ஓட்டைகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாக பானெட்டில் விழுந்து, மெல்ல நகர்ந்து, கதவுப் பக்கம் போய்விடும். அவன் நகர மாட்டான்.

"இன்னாடா பண்ற?" என்று கேட்டால், "ஓட்டிகினு கீறேன் சார்" என்பான்.

எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் ஆட்டோமொபைல் லேப் பார்த்துக்கொள்கிறேன். மாணவர்கள் என்னை 'டென்ஷன் டேனியல்' என்று கூப்பிடுவது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். என்னிடம் ஒரு கான்டசா கார் இருக்கிறது. ஓடுகிற வண்டியாக்கித் தரச் சொல்லி வாஜித்திடம் விட்டேன். "ரெண்டு மாசம் சார்" என்றான். போன ஜனவரியோடு எட்டு மாதம் ஆகியிருந்தது. ஞாயிறு தோறும் திட்டுவதற்கென்றே போவேன், டீ குடித்துவிட்டுத் திரும்பி வருவேன்.

பழைய காரை வாங்கி ஆசைக்கு மாற்றிக் கட்டுகிறவர்கள் ஏன் திரும்பத் திரும்பக் கான்டசாவைத் தேடுகிறார்கள் என்று மாணவர்கள் கேட்டால், என்னிடம் பதில் தயாராக இருக்கும். பின் சக்கரத்தில் இழுக்கிற வண்டி. பானெட்டுக்குள் ஆள் படுக்கிற அளவுக்கு இடம், அதனால் பெரிய இன்ஜின் உட்காரும். தகடு சுத்தியலுக்குப் பயப்படாது. வயரிங்கை ஒரு மத்தியானத்தில் படித்துவிடலாம். இதையெல்லாம் போர்டில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஒருநாள் வாஜித்திடமும் சொன்னேன். அவன் சிரித்தான்.

"அம்பாசடர எல்லாரும் மதிப்பாங்க சார். ஆனா அதப் பாத்து யாராச்சும் ஏங்குறாங்களா? அது இன்னா சொல்லிச்சோ அத்த செஞ்சிடுச்சி. இது அப்டி இல்ல. மூஞ்சப் பாத்தா பறக்கும்னு தோணும். ஓட்டிப் பாத்தா பறக்காது. அந்த ஆச அப்டியே பாக்கி நிக்குது பாருங்க, அதத்தான் எல்லாரும் துட்டு குடுத்து வாங்குறாங்க."

போர்டில் எழுதியதை அழித்துவிடலாம் போலிருந்தது.

அவன் பம்மலில் பிறந்தவன். பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டுவிட்டு டிங்கர் வேலைக்கு வந்தான். இப்போது நாற்பத்தொன்று. தகட்டுப் பள்ளத்தைப் பட்டி பூசி மறைப்பது அவனுக்கு ஆகாது. உள்ளங்கையில் ஒரு மல் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடித் தகட்டைத் தடவுவான். மேடு எங்கே, பள்ளம் எங்கே என்று கை சொல்லிவிடும். அப்புறம் தட்டுவான், தடவுவான், மறுபடியும் தட்டுவான். அந்தச் சத்தத்திலேயே நான் எத்தனையோ ஞாயிறு நாற்காலியில் தூங்கியிருக்கிறேன்.

அவனுக்கென்று ஒரு கான்டசா இருந்தது. பத்து வருடத்துக்கு முன் இன்ஜின் போன வண்டியாக வாங்கி, ஷெட்டின் பின்புறம் வேப்பமரத்தடியில் நிறுத்தினான். பண்டிகைக்கு அவன் மனைவி கைனாத்தும் மகள் இரமும் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தால், அந்த வண்டியில்தான் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சாப்பிட்டு முடித்ததும் வாஜித் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்வான். "வண்டலூர் வந்துடுச்சி. கேளம்பாக்கம் வந்துடுச்சி. அதோ கோவளம், காத்து வருதா?" என்பான். சின்னப் பெண்ணாக இருந்தபோது இரம் ஜன்னலில் கையை நீட்டி "வருது அத்தா" என்று கத்துவாள். இப்போது அவள் எட்டாம் வகுப்பு. போனைப் பார்த்தபடியே "ம்" என்பாள்.

ஓடாத வண்டியோடு ஓடுகிற வண்டிகளெல்லாம் உறவு கொண்டாடின. கான்டசா தயாரிப்பதை நிறுத்தி இருபது வருடத்துக்கு மேலாகிறது, பாகங்கள் சுலபத்தில் கிடைக்காது. பொத்தேரியில் தங்கிப் படிக்கிற பையன்கள் வந்து இடது கதவைக் கேட்டார்கள். அவிழ்த்துக் கொடுத்தான். யாரோ பின் விளக்கைக் கேட்டார்கள், அதுவும் போயிற்று. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். இவன் விஷயத்தில் தன் பிள்ளை வருடத்துக்கு வருடம் மெலிந்துகொண்டே போனது.

"உனக்கு மூளை கீளை இருக்கா?" என்று நான் கத்தியிருக்கிறேன்.

"ஒரு வண்டி ஓடட்டும் சார். எனக்கு ஓட்டணும்னுலாம் ஆச இல்ல. நம்ம வண்டிதான எல்லாம்" என்பான். ஷெட்டுக்குள் வந்த எந்த வண்டியும் அவன் வாயில் 'நம்ம வண்டி'தான்.

போன ஜனவரியில் உதயாவின் கான்டசா கிட்டத்தட்ட முடிந்திருந்தது. உதயா சேலையூர்ப் பையன், சாஃப்ட்வேர் வேலை. ஆழ்ந்த நீல நிறம் அடித்திருந்தார்கள். ஏரித் தண்ணீரை மேலே இருந்து பார்க்கிற மாதிரி இருக்கும். கடைசி நேரத்தில் முன் கண்ணாடி விரிசல் விட்டது. சென்னை முழுக்கத் தேடியும் கிடைக்கவில்லை. உதயா வேப்பமரத்தடி வண்டியைப் பார்த்தான். வாய்விட்டுக் கேட்கவில்லை, கேட்கிற மாதிரி நின்றான். அதுவே வாஜித்துக்குப் போதும், தன் வண்டியின் கண்ணாடியைக் கழற்றிவிட்டான். கண்ணாடியைச் சுற்றி ரப்பர் பீடிங்கை மாட்டி, அதன் பள்ளத்தில் கயிறு வைத்து, ஒருவர் வெளியிலிருந்து அமுக்க ஒருவர் உள்ளிருந்து கயிற்றை இழுத்து உட்கார வைக்க வேண்டும். அன்று வாஜித் அமுக்கினான். கயிற்றை இழுத்தது நான்தான்.

அந்த வாரம் வியாழக்கிழமை வாஜித் வீட்டில் சொல்லியிருக்கிறான்: "நம்ம வண்டி முடிஞ்சிடுச்சி. ஞாயித்துக்கெழம காத்தால வெளிய எடுக்குறோம்."

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஒரு ஆட்டோ வந்து நின்றது. கைனாத் இறங்கினாள், பெருநாளைக்குக் கட்டுகிற பச்சைப் புடவையில். பின்னால் இரம், கையில் பெரிய பிரியாணிப் பாத்திரம். "போவும்போது நம்ம வண்டி கீது" என்று கைனாத் ஆட்டோவைத் திருப்பி அனுப்பிவிட்டாள். ஷெட் வாசலில் நீலக் கான்டசா வெயிலில் நின்றது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கையில் வைத்திருந்த மல்லிகைச் சரத்தை அதன் சைடு கண்ணாடியில் சுற்றினாள்.

"அத்தா, சூப்பரா கீது! ப்ளூன்னு சொல்லவே இல்ல!" என்று இரம் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு வண்டியைச் சுற்றி ஓடினாள்.

வாஜித் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன். அப்போது உதயா சாவியோடு உள்ளிருந்து வந்தான். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தான். கைனாத் பழத்தைப் பார்த்தாள், உதயாவைப் பார்த்தாள், கடைசியாக வாஜித்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்ததை மறைக்க முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"நல்லா கீது தம்பி வண்டி" என்றாள்.

உதயா நல்ல பையன். விஷயம் தெரிந்ததும் துடித்துப்போய், "அக்கா, ஏறுங்க. முதல் ரவுண்டு நீங்கதான்" என்றான். "மொத மொத உங்க வூட்டாளுங்களோட போங்க தம்பி" என்று அவள் ஒதுங்கிக்கொண்டாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. நீல வண்டி மல்லிகைப்பூவோடு தெருமுனை திரும்பியது.

கைனாத் வேப்பமரத்தடிக்குப் போய், கதவில்லாத பக்கமாக ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தாள். இரம் பின்னால் பாத்திரத்தோடு உட்கார்ந்தாள். வாஜித் வந்து ஸ்டியரிங் முன் உட்கார்ந்தான். என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். கை கழுவுகிற சாக்கில் நான் குழாயடியிலேயே நின்றேன்.

"கண்ணாடி எங்க?"

"அந்தத் தம்பி வண்டிக்குப் போட்டுட்டேன்."

"இதுல இருந்து எல்லாத்தையும் ஏங்க குடுத்தீங்க?"

"கேட்டாங்க."

கண்ணாடி இருந்த இடம் வழியாக ஒரு வேப்பிலை உள்ளே வந்து அவள் மடியில் விழுந்தது. வாஜித் அதையே பார்த்தான்.

"பொய் சொல்லிகினு கீறேன் கைனாத்" என்றான். "ஒவ்வொரு வண்டியும் இந்த ஷெட்டத் தாண்டும்போது வயிறு எரியுது. எனக்கும் ஓட்டணும். ரொம்ப ஆசயா கீது." நாற்பத்தொரு வயது மனிதன் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதான். கயிற்றை இழுத்த என் கையைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது.

கைனாத் பாத்திரத்தைத் திறந்தாள். தட்டில் சோறு வைத்து அவன் பக்கம் நகர்த்தினாள்.

"கேட்டா குடுத்துடுவீங்க இல்ல? இத்தினி வருசத்துல நான் ஒண்ணு கேட்டதில்ல. இப்ப கேக்குறேன். இந்த வண்டிய எனக்குக் குடுங்க. ஓடுற வண்டியா."

"கண்ணாடி இல்லியே…"

அவள் தலையைத் திருப்பி நேராகக் குழாயடியைப் பார்த்தாள்.

"அண்ணா, உங்க வண்டியில கண்ணாடி கீதா?"

நான் யார்? டென்ஷன் டேனியல். எட்டு மாதமாக என் வண்டிக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறவன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வாயைத் திறந்தேன்.

"இருக்கும்மா" என்றேன்.

கதவுக்கு ஈரோடு வரை போனோம். வேறொரு வண்டியிலிருந்து இன்ஜின் வந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பேப்பர் வேலை ஒரு தனி பேஜார், அதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குப் பி.பி. ஏறும். என் கான்டசா இப்போது முகத்தில் ஓட்டையோடு தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. நானே வாங்கிப் போட்ட தார்ப்பாய்.

போன ஞாயிறு கைனாத்தின் வண்டி வெளியே வந்தது. வெள்ளை நிறம், அவள் சொன்ன நிறம். பின் சீட்டில் இரமுக்குப் பக்கத்தில் எனக்கும் இடம் கொடுத்தார்கள். வண்டலூர் தாண்டி ரோடு காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் மரங்கள் கனவில் வருகிற மாதிரி மெதுவாகப் பின்னால் போயின. கைனாத் ஜன்னலில் கன்னத்தை வைத்திருந்தாள். வாஜித் ஊர்ப் பெயர் எதையும் கூவவில்லை, முப்பதைத் தாண்டவுமில்லை. பின்னால் ஒரு பஸ்காரன் வழி கேட்டு ஹார்ன் அடித்தான். அடித்தான், அடித்தான், தலையை வெளியே நீட்டித் திட்டினான். வாஜித் கண்ணாடியில் அவனைப் பார்த்தான். கேட்கிறவனுக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதன், நடு ரோட்டை விடாமல் முப்பதிலேயே போய்க்கொண்டிருந்தான்.