பாயின் கோடு

எங்கள் கல்லூரி பூந்தமல்லியைத் தாண்டி ஒரு பொட்டல்காட்டில் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் அங்கே மருத்துவக் கருவிகள் பற்றிய பயோமெடிக்கல் இன்ஜினியரிங் படித்த நாங்கள் ஒரு வகுப்பறையை நிரப்பக்கூட மாட்டோம். ஆனாலும் எங்களுக்கென்று ஒரு மாணவர் சங்கம் இருந்தது. நான் அதன் செயலாளர். "ரேடியோ ரிப்பேர் சங்கம்" என்று மற்ற துறைக்காரர்கள் கிண்டலடிப்பார்கள். அவர்கள் வாயை அடைக்கத்தான் கல்லூரிக் கண்காட்சிக்கு நாங்களே ஒரு ஈ.சி.ஜி. கருவி செய்தோம்.

அதைச் சோதித்துப் பார்க்க எப்போதும் ஒரே ஆள்தான், எங்கள் லேப் அட்டெண்டர். முஸ்லிம் பெரியவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'பாய்'. கரையான்சாவடியிலிருந்து சைக்கிளில் வருவார். எங்களில் யாரை உட்கார வைத்தாலும் நெளிவோம், கோடு ஆடும். அவர் மட்டும் கை காலில் கிளிப்பை மாட்டிக்கொண்டு அசையாமல் இருப்பார். அவருடைய துடிப்பு காகிதத்தில் பாடப்புத்தகப் படம் மாதிரியே விழும். அவர் கோடு சரியாக வந்தால் கருவி சரி, இல்லையென்றால் கருவியில் கோளாறு. அதுதான் எங்கள் சங்கத்தின் விதி.

கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கும்போது கோடு கெட்டுப்போனது. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும், நேராக ஓட வேண்டிய இடம் கீழே தொங்கியது.

"இன்னா நைனா, மிசினு மக்கர் பண்ணுதா?" என்றார் பாய். "எனக்கும் ரெண்டு நாளா மாடி ஏறுனா மூச்சு வாங்குது. வயசாய்டுச்சி போல கீது."

"கெபாசிட்டர் போயிருக்கும் பாய். ஆடாம உக்காருங்க" என்றேன்.

அவர் சொன்னது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இன்னொருவன் கையில் கிளிப்பை மாட்டிப் பார்த்திருந்தால் போதும். அது ஏன் தோன்றவில்லை என்று இன்றைக்கும் என்னைத் திட்டிக்கொள்கிறேன். கெபாசிட்டரை மாற்றி மாற்றிப் போட்டு, மூன்றாம் நாள் அந்தக் கோட்டை நிமிர்த்தினோம். எல்லோரும் கை தட்டினோம். பாயும் தட்டினார்.

கண்காட்சி அன்று இரண்டு காகிதங்களையும் அட்டையில் ஒட்டி, 'பழுது பார்க்கும் முன்', 'பழுது பார்த்த பின்' என்று என் கையாலேயே எழுதினேன். சிறப்பு விருந்தினராக வந்த டாக்டர் கருவியைத் திரும்பியும் பார்க்கவில்லை. முதல் காகிதத்தின் முன்னால் குனிந்து நின்றார்.

"இது யாரோடது?"

"அது மெஷின் கோளாறு சார்."

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லப்பா, அது காட்டுன நிஜத்தைத்தான் நீங்க பழுதுன்னு நெனச்சி நிமித்திட்டீங்க. இந்த ஆளுக்கு ஹார்ட்டுக்கு ரத்தம் சரியா போகல. எங்க அவரு?"

பாய் அன்று வேலைக்கு வரவில்லை. கரையான்சாவடிக்கு ஓடினோம். வீடு பூட்டியிருந்தது. விடியற்காலையில் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதாகப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்.

பிழைத்துக்கொண்டார். ஆனால் அதன்பிறகு அவர் சைக்கிள் மிதிக்கவில்லை, வேலைக்கும் வரவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் நெஞ்சில் ஒட்டியிருந்த வயர்களைப் பார்த்தபோது எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"பங்சனுக்கு வர முடியாம பூடுச்சி நைனா, மனசுல வச்சிக்காத. மிசினு நல்லா ஓடுச்சா?"

"ஓடுச்சு பாய்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசிவரை சொல்லவேயில்லை.