சாம்பல் கௌதாரிக்கு ஐம்பது பவுண்டு

ஐம்பது பவுண்டு பாக்கி. பக்கத்துப் பண்ணை ரூபர்ட் ஃபென்விக் தரவேண்டியது. வேலியோரம் பறவைகளுக்கு வைத்த தீனிப் பீப்பாய்களில் பார்லியைக் கொட்டும்போதெல்லாம் ஏமோஸ் ஹார்க்கர் இதை வாய்விட்டே சொல்லிக்கொள்வார்.

யார்க்‌ஷயர் மேட்டில் அவருக்கு இருநூறு ஏக்கர். "கூலிக்கு டர்னிப் பிடுங்கி வாங்குன நெலம்யா. எனக்குக் கையெழுத்து மட்டுந்தான் தெரியும். அதை எங்க போடணும்னும் தெரியும்."

குளிர்காலச் சனிக்கிழமைகளில் எட்டுப் பேர் பணம் கட்டிப் பறவை சுட வருவார்கள். உழாத புல்வரப்பு, வெட்டாத முள்வேலி, அறுக்காமல் விட்ட தானியம் எல்லாம் பறவைகளுக்காக அந்தப் பணத்தில் நிற்பவை. வேட்டைப் பருவம் முடிந்து, காட்டில் ஒரு விதைகூட மிஞ்சாத மாதங்களிலும் பீப்பாய்கள் காலியாவதில்லை. மஞ்சள் குருவிகளும் வந்து தின்னும். "இத்தனை குருவி வேற எவன் வேலியில கத்துது? காட்டச் சொல்லு."

செங்கால் கௌதாரியைச் சுடலாம். அருகிப்போன சாம்பல் கௌதாரியைத் தொடக்கூடாது. சுட்டால் ஐம்பது பவுண்டு அபராதம், தீனிச் செலவுக்கு. பனிமூட்டத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் பறக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன் ஃபென்விக் சுட்டது சாம்பல். வேலியில் இருந்த ஒரே ஜோடியின் சேவல்.

"செங்கால்தான்யா அது."

"காலைப் பாருய்யா. உன் மீசையைவிட வெளுத்துக் கெடக்கு."

ஃபென்விக் கட்டவில்லை. ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்களும் கட்டமாட்டார்கள். அப்புறம் சாம்பல் கௌதாரி ஒன்றுகூடத் தங்காது. ஏமோஸ் ஃபென்விக்கின் துப்பாக்கியை வண்டியிலேயே வைக்கச் சொல்லிக் கையில் கம்பைக் கொடுத்தார். பாக்கி தீரும்வரை, புதரைத் தட்டித் துப்பாக்கிக்காரர்கள் பக்கம் பறவை விரட்டும் வேலை. நண்பர்களெல்லாம் கூடுமிடத்தை விட மனமில்லாமல் ஃபென்விக் கம்போடு வந்தார்.

"முள்ளு குத்துதா, துரை?"

"உன் நாக்கு அளவுக்கு இல்ல."

தனித்த பெட்டை மறுவருஷம் எங்கிருந்தோ ஒரு சேவலோடு திரும்பியது.

இந்த ஜனவரியில் கடைசி வேட்டை. விரட்டும் வரிசை வேலியை நெருங்கியதும் ஃபென்விக் கம்பை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். எதிரே உறைந்த புல்லில் ஒரு கூட்டம் சாம்பல் கௌதாரி. இன்னும் ஓர் அடி வைத்தால் துப்பாக்கிகளின் மேலேதான் பறக்கும். அவை வேலியோடு ஓடி மறையும்வரை அவர் கம்பை இறக்கவில்லை.

வேட்டை முடிந்ததும் ஏமோஸ் மூட்டையோடு பீப்பாயடியில் நின்றார். ஃபென்விக் வந்தார்.

"அன்னிக்கு நான் சுட்டது சாம்பல்தான், ஏமோஸ்."

ஏமோஸ் மூட்டையை இறக்கிவிட்டுக் கையை நீட்டினார். உள்ளங்கையில் பார்லி உமி ஒட்டியிருந்தது. ஃபென்விக் கையுறையைக் கழற்றி, ஐந்து பத்துப் பவுண்டுத் தாள்களை அதன்மேல் ஒவ்வொன்றாக எண்ணி வைத்தார்.