பக்கத்தில் நின்றால் கேட்காத கருவி

போன மாதம் இறந்துபோன என் அக்காவுக்குப் பட்டறையில் செவிட்டக்கா என்று பெயர். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மேசைமேல் குனிந்துவிட்டால், நாலு தடவை கூப்பிட்டால்தான் நிமிர்வாள். ரிசீவர் செய்கிறவளுக்கே காது கேட்காது என்று ஈயம் பற்றவைக்கும் பெண்கள் அவள் முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

அவள் செய்த ரிசீவர்களில் பாட்டு வராது. ஒரே ஒரு சிக்னலைப் பிடித்தால் அதிரும், அவ்வளவுதான். ஆற்றுக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டத் தொடங்கியபோது அந்த வேலை அவளுடைய பட்டறைக்கு வந்தது. உள்ளே இயந்திரச் சத்தத்தில் சங்கு ஊதினாலும் காதில் விழாது. தண்ணீர் கசிந்தால் எல்லோரையும் வெளியே வரச் சொல்ல, தலைக்கவசத்துக்குள் மண்டையில் அதிரும்படி ஒரு கருவி வேண்டும். அங்கே துளையிடும் குழுவுக்கு என் கணவர்தான் மேஸ்திரி.

பழைய கருவி கனமானது. ஆட்கள் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேலை பார்த்தார்கள். அதனால் புதியது தீப்பெட்டியைவிடச் சின்னதாக இருக்க வேண்டும், பேட்டரியும் நாள்பட உழைக்க வேண்டும். வழக்கமாக ஒரு ரிசீவரில் சொந்தமாக ஓர் அலையை எழுப்ப ஒரு பகுதி, அதை வெளியிலிருந்து வரும் சிக்னலோடு கலக்க இன்னொரு பகுதி என்று தனித்தனியாக இருக்கும். அக்கா இரண்டு வேலையையும் ஒரே டிரான்சிஸ்டர் தலையில் கட்டினாள்.

"ஒருத்தியே பாடவும் பாடறா, பாடிக்கிட்டே வெளியில யார் பாடறாங்கன்னு கேக்கவும் கேக்கறா. ரெண்டு சுருதிக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் வருது பாரு, அதுதான் மணியடிக்கும்" என்றாள் என்னிடம்.

சொல்லும்போது எளிதாக இருந்தது. செய்யும்போது அவளைப் பாடாய்ப் படுத்தியது. அந்த டிரான்சிஸ்டர் உரக்கப் பாடினால் அதற்கு வெளிச்சத்தம் கேட்கவில்லை, குரலைக் குறைத்தால் பாட்டே நின்றுபோனது. குளிரில் நிற்கிறதா என்று பார்க்க எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் அதைக் கொண்டுவந்து வைத்தாள். காய்கறிக்கு இடமில்லை என்று நான் முணுமுணுத்தேன். கடைசியில் பிடிவாதம் பிடித்து ஒரு வழிக்குக் கொண்டுவந்தாள்.

அந்தப் பட்டறையில் சோதனை என்றால் ஒரே முறைதான். சிக்னல் அனுப்பும் டிரான்ஸ்மிட்டரை மேசைமேல் வைத்துவிட்டு, ரிசீவரோடு தெருவில் நடந்துகொண்டே போவார்கள். எங்கே அதிர்வது நிற்கிறது என்பதுதான் கேள்வி. அக்காவின் கருவி மருந்துக் கடையைத் தாண்டி, பஸ் நிலையம் வரை அதிர்ந்தது. முதலாளி ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கருவிகளைப் பெட்டிகளில் கட்டி முடித்தார்கள்.

அனுப்புவதற்கு முன் சில கருவிகளைச் சுரங்கத்தில் ஒத்திகை பார்த்தார்கள். அன்று அக்கா எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் கணவர் வந்து உட்கார்ந்ததும், எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"எல்லாம் நல்லா அதிர்ந்துச்சு அண்ணி. என்னோடது மட்டும் கம்முனு இருந்துச்சு. சொந்தக்காரன்தானேன்னு விட்டுடுச்சு போல."

"எங்க நின்னீங்க தம்பி?"

"டிரான்ஸ்மிட்டர் பெட்டிமேல சாஞ்சு டீ குடிச்சிட்டிருந்தேன்."

அக்காவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. அவருடைய தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினாள். அவள் முகத்தைப் பார்த்து நானும் கூடப் போனேன்.

டிரான்ஸ்மிட்டரைப் போட்டுவிட்டு வாசலிலிருந்து அதை நோக்கி நடந்தாள். கவசம் அதிர்ந்துகொண்டே வந்தது. கைக்கெட்டும் தூரம் வந்ததும் நின்றுவிட்டது. பின்னால் நகர்ந்தாள், அதிர்ந்தது. முன்னால் வந்தாள், நின்றது. முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

காதோரத்தில் ஒருவன் உச்சக்குரலில் பாடினால், பாடிக்கொண்டிருப்பவள் தன் சுருதியை விட்டுவிட்டு அவன் சுருதிக்குப் போய்விடுவாளாம். இரண்டும் ஒன்றாகிவிட்டால் வித்தியாசம் ஏது, மணி ஏது? அது மட்டுமில்லை. சுரங்கத்தின் சுவர் நெடுக டிரான்ஸ்மிட்டர் பெட்டிகளை மாட்டப்போகிறார்கள். என் கணவர் நாள் முழுக்க நிற்கிற இடம், அவற்றில் ஒன்றுக்கு நேர் கீழே.

"எவ்வளவு தூரம் போகும்னுதான் பாத்தோம். கிட்ட வெச்சு ஒருத்தரும் பாக்கல" என்றாள்.

"கிட்ட இருந்தா கேக்காதுன்னு யாருக்குத் தோணும்?"

"எனக்குத் தோணியிருக்கணும்டி."

காலையில் வேனில் பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை விளையாட்டுக்குச் சொல்லியிருப்பார் என்று முதலாளி மழுப்பப் பார்த்தார். அக்கா வாதாடவில்லை. அவர் மேசைமேல் டிரான்ஸ்மிட்டரை வைத்து, அதை ஒட்டி ரிசீவரை வைத்து, சுவிட்சைப் போட்டாள். அது கல் மாதிரி கிடந்தது. அவரே எழுந்துபோய் வேனை நிறுத்தினார்.

கருவி தானாக எழுப்புகிற அலையை, வருகிற சிக்னலிலிருந்து வெகுதூரம் தள்ளிவைத்தாள் அக்கா. நெருங்கியிருந்தால்தானே இழுபறி. அதற்கேற்ப வடிகட்டியை மாற்றினாள், மறுபடியும் என் காய்கறிகளை வெளியே தள்ளினாள். புதியது முன்போல அவ்வளவு தூரத்துக்குக் கேட்கவில்லை. பஸ் நிலையம் வரைக்கும் கேட்டுச்சேம்மா என்று முதலாளி அங்கலாய்த்தார்.

"பஸ் நிலையத்துல யாரும் தோண்டல சார்" என்றாள் அவள்.

மறு ஒத்திகைக்கு, அளவில்லாத ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு அவளே சுரங்கத்துக்குள் போனாள். துளையிடும் இயந்திரத்தை ஓடவிட்டு, என் கணவரைப் பெட்டியில் தலையை ஒட்டி நிற்கச் சொன்னாளாம். பேச்சு கேட்காது என்பதால் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். திடீரென்று அவர் கவசத்தைக் கழற்றிவிட்டுத் தலையைத் தேய்த்திருக்கிறார். பல்லெல்லாம் ஆடுது அண்ணி, நிறுத்தச் சொல்லுங்க என்று அவர் கத்தியது பாதிதான் புரிந்ததாம். அதுவே போதுமாக இருந்தது. ஆனாலும் குழுவில் ஒருவர் விடாமல் எல்லோரையும் அதே இடத்தில் நிற்கவைத்துப் பார்த்த பிறகுதான் மேலே வந்தாள்.

அந்த மழைக்காலத்தில் உண்மையாகவே ஒருநாள் தண்ணீர் உள்ளே வந்தது. செய்தி காதில் விழுந்ததும் அக்கா எங்கள் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தோம். போன் அடித்தபோது அடித்தது என்னுடையது இல்லை, அவளுடையது.

"எல்லாருமே வெளிய வந்தாச்சா தம்பி?" என்றாள். அவர் ஏதோ சொல்ல, கேட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளே போய் எங்கள் கட்டிலில் குறுக்காகப் படுத்தாள். அவர் சேறும் ஈரமுமாக வீடு வந்து சேர்ந்தபோதும், எத்தனை தடவை கூப்பிட்டும் அவள் எழுந்திருக்கவில்லை. விடியும்வரை அப்படி ஒரு தூக்கம்.