ருசி பார்த்தே ஏறிய எடை

கிளாடெட் ஆர்சனோ இருபது வருடத்துக்கும் மேலாக மிசிசிப்பி ஆற்றில் சமைப்பவள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து மெம்ஃபிஸ் வரைக்கும், சில சமயம் அதற்கு மேலேயும், சோளமும் நிலக்கரியும் ஏற்றிய பார்ஜ் என்ற தட்டைப் படகுகளை முன்னால் கட்டித் தள்ளிக்கொண்டு போகும் படகில் அவளுக்குச் சமையலறை. ஒரு மாதம் ஆற்றில், இரண்டு வாரம் வீட்டில். படகில் ஒன்பது பேர். விடியுமுன் ஒரு சாப்பாடு, மதியத்துக்கு முன்னால் ஒன்று, சாயங்காலம் ஒன்று. ஆற்று வேலைக்கு ஆள் நிற்பதும் ஓடுவதும் சமையலைப் பொறுத்துத்தான் என்று கம்பெனிக்காரர்களே சொல்வார்கள். கிளாடெட் இருந்த படகில் ஆள் ஓடியதில்லை.

அவள் உடம்பும் அந்தச் சமையலுக்கு ஏற்ற உடம்பாகத்தான் இருந்தது. சர்க்கரை, இரத்த அழுத்தம், படி ஏறினால் முழங்காலில் குத்தல். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு போனவளை ஒரு சின்ன விஷயம் உட்கார வைத்தது. டெக்கில் கால் வைப்பவர்கள் மிதவைச் சட்டை போட்டே ஆகவேண்டும். இருப்பதிலேயே பெரிய சட்டையை மாட்டியும் ஒருநாள் அவளுக்குக் கொக்கி சேரவில்லை. கேப்டன் பர்ல் ஹாட்சர் கென்டக்கிக்காரர், வார்த்தையை அளந்து பேசுபவர். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"மிஸ் கிளாடெட், நீங்க தண்ணில விழுந்தீங்கன்னா நாங்க எல்லாரும் சேர்ந்தாலும் தூக்க முடியாது. தப்பா நினைச்சுக்காதீங்க."

அவள் தப்பாகத்தான் நினைத்தாள். இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை. ஆனால் அடுத்த விடுப்பிலேயே பேட்டன் ரூஜ் மருத்துவமனைக்குப் போய் இரைப்பை அறுவைக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரைப்பையை ஒரு முட்டை அளவுக்குச் சுருக்கி, குடலை வேறு இடத்தில் கொண்டுபோய் ஒட்டினார்கள். அதன் பிறகு எதை எப்படிச் சாப்பிடவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவள் டிரான் என்ற வியட்நாமியப் பெண், அந்த மருத்துவமனையின் உணவு ஆலோசகர். முதலில் மீன், முட்டை, கோழி. அப்புறம் காய். இடம் மிச்சமிருந்தால் சோறு, பெரும்பாலும் மிச்சமிருக்காது. ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மெல்லவேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, அரை மணி கழித்துத்தான். இனிப்பை விட்டுவிட வேண்டும். வைட்டமினும் இரும்புச் சத்தும் கால்சியமும் மாத்திரையாக ஆயுள் முழுக்க.

முதல் வருடம் நன்றாகப் போனது. எடை மளமளவென்று இறங்கியது. சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார்கள். நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, சமையலறையில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு நின்றாள். அது திரும்ப முளைக்கும் என்றாள் டிரான், முளைத்தது. அக்கா இவான் மட்டும் ஒவ்வொரு விடுப்பிலும் ஒரே பாட்டைப் பாடினாள்.

"கத்தியால வெட்டிக்கிட்டா யார்தான் இளைக்க மாட்டா? வாயக் கட்டி இளைச்சிருந்தேன்னா நான் கை தட்டியிருப்பேன்."

"இப்ப கட்டாம என்னக்கா பண்றேன்? உன் வீட்டு நாய்க்குட்டி என்னைவிட அதிகமா திங்குது."

இரண்டாவது வருடத்தில் எடை நின்றது. நின்றது மட்டுமில்லை, ஏறவும் தொடங்கியது. படகில் எடை பார்க்கும் கருவியை வைத்தால் அலைக்குத் தகுந்தபடி ஒவ்வொரு கணக்குச் சொல்லும் என்பதால் அவள் வீட்டில்தான் ஏறிப் பார்ப்பாள். ஒவ்வொரு தடவையும் இரண்டு பவுண்டு, மூன்று பவுண்டு. ஆறேழு மாதத்தில் பதினோரு பவுண்டு கூடியிருந்தது. அவள் தட்டில் இருந்ததோ ஒரு துண்டு மீன், இரண்டு கரண்டி பீன்ஸ். கருவி கெட்டுவிட்டது என்று புதிதாக ஒன்று வாங்கினாள். அது ஒரு பவுண்டு கூடுதலாகக் காட்டியது.

விக்ஸ்பர்க் தாண்டிப் போகும்போது ஃபோனுக்கு சிக்னல் கிடைத்தது. டிரானைக் கூப்பிட்டுக் கொட்டித் தீர்த்தாள். டிரான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சமைக்கும்போது ருசி பார்ப்பீங்களா?" என்றாள்.

"பார்க்காம எப்படிம்மா சமைக்கிறது?"

"நாளைக்கு ஒண்ணு பண்ணுங்க. அடுப்புப் பக்கத்துல ஒரு காப்பிக் கோப்பை வைங்க. எதை வாயில வைக்கறீங்களோ, அதே அளவு கோப்பையிலயும் போடுங்க. மதியம் வரைக்கும் போதும்."

கிளாடெட்டுக்குக் கோபம்தான் வந்தது. குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்கிறாளே என்று. ஆனாலும் மறுநாள் கோப்பையை வைத்தாள். சோளக் கஞ்சி அரைக் கரண்டி. கிரேவி ஒரு கரண்டி, மிளகு போட்ட பிறகு இன்னொன்று. அடுப்பிலிருந்து எடுத்த பிஸ்கட் ரொட்டி வெந்திருக்கிறதா என்று பிட்டுப் பார்த்தது கால்வாசி. தட்டில் உடைந்து கிடந்த பன்றி இறைச்சித் துண்டு. சோள ரொட்டியின் ஓரம். அந்த மொறுமொறுப்பான ஓரத்தை அவள் எந்தக் காலத்திலும் விட்டதில்லை. அவள் பிறந்த லூசியானாவின் குழம்பான வெண்டைக்காய் கம்போவில் நான்கு கரண்டி. பத்து மணிக்கே கோப்பை நிரம்பிவிட்டது. இரண்டாவதை எடுத்தாள். மதியச் சாப்பாட்டு மணி அடிக்கும்போது அதுவும் முக்கால்வாசி.

இரண்டு கோப்பையையும் பார்த்துக்கொண்டு நின்றாள். எல்லாம் கலந்து, மேலே எண்ணெய் மிதந்து, நாய்க்கு வைக்கிற சாப்பாடு மாதிரி இருந்தது. ஒரு சாப்பாட்டையே நின்றுகொண்டு தின்றிருக்கிறாள், தின்ற நினைப்பு துளிகூட இல்லாமல். கழிவு வாளியில் கவிழ்த்துவிட்டு டிரானைக் கூப்பிட்டாள்.

"நீங்க சொன்னது சரிதான். சந்தோஷமா?"

"உங்க மேல தப்புன்னு நான் சொல்லலை. கொஞ்சம் கொஞ்சமா கொறிச்சா வயிறு நிரம்பற உணர்வே வராது. சமையல் வேலையில இருக்கறவங்க நிறைய பேர் இங்கதான் மாட்டறாங்க."

"அப்போ நான் எதை வெச்சு சமைக்கிறது? மூக்கை வெச்சா?"

"கரண்டி வெச்சு அளந்து போட்டுப் பாருங்களேன்."

கிளாடெட் வாழ்க்கையில் உப்பை அளந்ததில்லை. கை அளந்தது. அந்தக் கைக்கு நாக்குதான் கணக்குச் சொல்லியிருக்கிறது என்பது அந்த வாரம் தெரிந்தது. ருசி பார்க்காமல் சமைத்த முதல் திங்கட்கிழமை, சிவப்பு பீன்ஸில் உப்புப் போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வந்து இரண்டாம் தடவையும் போட்டுவிட்டாள். படகின் எஞ்சினியர் பெர்சி கிட்ரி அவள் ஊர்ப் பக்கத்துக்காரன், எந்தச் சட்டியிலும் குறை கண்டுபிடிக்கிறவன். ஒரு வாய் வைத்துவிட்டுக் கரண்டியைக் கீழே போட்டான்.

"கிளாடெட், நாம இன்னும் ஆத்துலதான் இருக்கோமா? கடலுக்கு வந்துட்டோமா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். செவ்வாய்க்கிழமை உப்பே இல்லை. புதன்கிழமை கம்போவுக்கு மாவு வறுத்தது கருகிக் கசந்தது. கேப்டன் கெட்சப் பாட்டிலை எடுத்துக் கம்போவின் மேல் ஊற்றினார். லூசியானாக்காரியின் கம்போவில் கெட்சப். பெர்சி சொன்னதைவிட அதுதான் அவளைச் சுட்டது. சமையலறைக்குள் போய்க் குளிர்பெட்டிக் கதவை இரண்டு தடவை திறந்து அடித்து மூடினாள். இளைத்தால் சமையல் போகிறது, சமைத்தால் உடம்பு போகிறது. எதற்காக அந்த அறுவை மேசையில் போய்ப் படுத்தோம் என்று முதல் தடவையாக நினைத்தாள்.

அடுத்த வாரம் கேப்டனுக்குப் பிறந்தநாள். அன்னாசிப் பழத்தைச் சர்க்கரைப் பாகில் அடுக்கிக் கவிழ்த்து எடுக்கும் கேக் அவருக்கு உயிர். கிளாடெட் அளந்து செய்தாள்; அது நன்றாகவே வந்தது. வெட்டியதும் கேப்டன் முதல் துண்டை அவள் முன்னால் நீட்டினார்.

"ஒரே ஒரு வாய், மிஸ் கிளாடெட். எனக்காக."

"எனக்கு இனிப்பு ஆகாது கேப்டன். தெரியுமில்ல."

"ஒரு வாய் என்ன பண்ணிடப் போகுது? ஆசையா குடுக்கறேன்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. வீட்டில் சொன்னாள், சர்ச்சில் சொன்னாள், கல்யாண வீட்டில் சொன்னாள். வாங்கித் தின்றாள். ஒரு வாய் இல்லை, முழுத் துண்டும். நன்றாக இருந்தது.

பாத்திரம் கழுவத் தொடங்கியபோதே நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நெற்றியிலும் முதுகிலும் வியர்வை ஊற்றியது. வயிற்றை யாரோ பிழிவதுபோல் இருந்தது. நிற்க முடியாமல் குளிர்பெட்டியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். எஞ்சின் அறையிலிருந்து காப்பிக்கு வந்த பெர்சி அவளைப் பார்த்ததும் காப்பியை மறந்தான். கத்திக் கேப்டனைக் கூப்பிட்டான்.

கேப்டன் முகம் வெளுத்து வந்தார். கையில் ஃபோன். "நாட்செஸ் பக்கம்தான் இருக்கோம். சின்னப் படகு வரச் சொல்றேன். நீங்க கரைக்குப் போயிடுங்க. இது ஹார்ட்டா இருந்தா நான் என்ன பதில் சொல்றது?"

"ஹார்ட் இல்ல. நீங்க குடுத்த கேக்."

"கேக்கா?"

"சர்க்கரை எனக்கு வயித்துல நிக்காது, நேரா குடலுக்கு விழுந்துடும். விழுந்தா இப்படித்தான் ஆகும். கொஞ்ச நேரத்துல அடங்கிடும்."

"இந்த உடம்ப வெச்சிக்கிட்டு படகுல எப்படி..." என்று கேப்டன் இழுத்தார். அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்தபடியேதான் பேசினாள்.

"இறக்கி விடறதுன்னா விடுங்க. ஆனா இதைக் கேட்டுட்டு விடுங்க. குண்டா இருந்தப்ப 'இன்னுமா திங்கறா'ன்னு பார்த்தீங்க. இப்ப 'ஏன் திங்க மாட்டேங்கறா'ன்னு பார்க்கறீங்க. ஒரே ஒரு வாய்னு நீங்க சொல்றீங்க, எங்க அக்கா சொல்றா, பாதிரியார் பொண்டாட்டி சொல்றா. எனக்கு இருக்கறது ஒரு வயிறு, அதுவும் முட்டை சைசுல. பத்து நாளா உப்புப் பார்க்காம சமைக்கறேன். ஏன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? கெட்சப்பை ஊத்தினீங்க."

கேப்டன் தொப்பியைக் கழற்றினார்.

"நீங்க சொல்லலையே" என்றார்.

"உங்க முன்னாடி அதைச் சொல்லணும்னா எனக்கு வெட்கமா இருக்காதா?"

சின்னப் படகைக் கூப்பிடவில்லை. முக்கால் மணி நேரத்தில் அவள் எழுந்து நின்றாள். இரவுச் சாப்பாடு குளிர்ந்த கோழியும் பிரெட்டும்தான், யாரும் முணுமுணுக்கவில்லை. மறுநாள் காலை கேப்டன் சமையலறை வாசலில் வந்து நின்று, "உப்பை வேற யாராவது பார்க்கலாமே" என்றார்.

"யாரு? நீங்க கெட்சப் ஊத்தறவரு. டெக்குப் பசங்க பழைய பூட்ஸை வேக வெச்சுக் குடுத்தாலும் 'சூப்பர்'னுட்டுத் திம்பானுங்க."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. அந்த விடை அவளுக்குப் பிடிக்கவில்லை. இந்தப் படகில் நாக்கு உள்ளவன் ஒருவன்தான், பெர்சி.

அன்றிலிருந்து பத்து மணிக்கு பெர்சி கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு மேலே வருவான். அடுப்புக்கு முன்னால் நின்று கண்ணை மூடி, ஏதோ நீதிபதி மாதிரி மெல்லுவான்.

"உப்பு பத்தல."

"எவ்வளவு?"

"எவ்வளவுன்னா? பத்தல, அவ்வளவுதான். மிளகு ஜாஸ்தி. எங்கம்மா இதுக்கு செலரித் தண்டு இன்னும் போடுவாங்க."

"உங்கம்மாவை வரச் சொல்லு, இந்தக் கரண்டிய குடுத்துட்டு நான் போறேன்."

ஒவ்வொரு நாளும் சண்டை. ஆனால் கம்போ பழையபடி கம்போவாக இருந்தது, கெட்சப் பாட்டில் அலமாரியில் நின்றது. கிளாடெட் இன்னொன்றும் செய்தாள். மணி அடிப்பதற்கு முன்னால் தனக்கு ஒரு சின்னத் தட்டில் மீனோ முட்டையோ வைத்துக்கொண்டு, உட்கார்ந்து, மெதுவாகச் சாப்பிட்டு முடிப்பாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்களுக்குக் கதவு திறக்கும். முதலில் டெக்கில் வேலை செய்பவர்கள் கதவைத் தட்டிப் பார்த்தார்கள். கேப்டன் ஒரு முறை முறைத்தார், அப்புறம் தட்டவில்லை.

அடுத்த விடுப்பில் ஆறு பவுண்டு குறைந்திருந்தது. அதற்கடுத்ததில் இரண்டு ஏறியிருந்தது. இரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்து தரைமட்டம். மாத்திரை போதாது, ஊசி வழியாக ஏற்றவேண்டும் என்றார்கள். மாத்திரையைக் காப்பியோடு விழுங்கிக்கொண்டிருந்தாளாம், அதுதான் சேரவில்லையாம். இதை முதலிலேயே சொல்லக் கூடாதா என்று டிரானிடம் எரிந்து விழுந்தாள். சொன்னேனே என்றாள் டிரான். சொல்லித்தான் இருந்தாள்.

"இந்த வேலை என்னைக்கும்மா முடியும்?"

"எந்த வேலை?"

"திங்கறதை யோசிச்சு யோசிச்சுத் திங்கற வேலை."

"முடியும்னு சொல்ல மாட்டேன் மிஸ் கிளாடெட். சர்க்கரை மாத்திரை இல்லாம இரண்டு வருஷம் ஆச்சு, அதையும் கொஞ்சம் பாருங்க."

பார்த்தாள். எரிச்சல் குறைந்தபாடில்லை.

வசந்தத்தில் பெர்சிக்கு முதுகு வலி என்று இரண்டு மாத விடுப்பு. அவன் இடத்துக்கு வந்தவன் தட்டு முன்னால் வந்ததும் ருசிகூடப் பார்க்காமல் காரச் சாஸைத் தெளிக்கிறவன். முதல் திங்கட்கிழமை பீன்ஸ் சட்டியின் முன்னால் நின்று கிளாடெட் ஒரு கரண்டி எடுத்து, நாக்கில் வைத்து, தொட்டியில் துப்பினாள். ருசி பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. பெர்சியின் வீட்டுக்கு ஃபோன் போட்டாள்.

"ஒன்பது பேருக்கு பீன்ஸ். நாலு கரண்டி உப்பு போட்டிருக்கேன். போதுமா?"

"எந்தக் கரண்டி?"

"சின்னது."

"நான் இங்க முதுகை மடக்க முடியாம கெடக்கேன், உனக்கு உப்பா?"

"போதுமா போதாதா, அதைச் சொல்லு."

மறுமுனையில் பெர்சி நீளமாக மூச்சு விட்டான். "உப்புல ஊற வெச்ச பன்றிக் கால் போட்டிருக்கியா?"

"போட்டிருக்கேன்."

"அப்ப போதும். மிளகு?"

மிளகைச் சொல்லத் தொடங்கினாள்.