முப்பது முறை மணி அடிக்கும் வரை

மெர்டேக்கா என்னும் சுதந்திரம் வந்து ஆறேழு மாதம் ஆகியிருந்தபோது, மலாக்காவில் ரப்பர் வாங்கி விற்கும் ஒரு கித்தாக் கம்பெனியின் தொலைபேசிப் பலகையில் நான் உட்கார்ந்திருந்தேன். கட்டடத்துக்குள் இருந்த பதினான்கு போன்களும் என் பலகையில் வந்து சேரும். வெளியே போக இரண்டே லைன். உள்ளே இருந்தவர்களுக்கு நான்தான் எக்ஸ்சேஞ்ச். உண்மையில் ஊர் எக்ஸ்சேஞ்சின் வயிற்றுக்குள் இருந்துகொண்டு எக்ஸ்சேஞ்ச் மாதிரி நடித்துக்கொண்டிருந்தேன்.

குடியிருப்பு காஜா பெராங்கில், தலைமுறைகளாக மலாய் பேசும் ஒரு மலாக்காச் செட்டி குடும்பத்தின் பின்னறையில். வீட்டுக்கார அம்மாள் கெபாயா உடுத்தி மாரியம்மனுக்குக் கற்பூரம் காட்டுவார். ஆனால் தமிழ் வராது. என் மலாய், பாசாரில் மீன் வாங்குவதற்குப் போதும். அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். சாப்பிட்டாயிற்றா என்று மலாயில் கேட்பார். ஆயிற்று என்பேன். மாலை ஐந்து மணியிலிருந்து மறுநாள் காலை வரை நான் பேசியது அவ்வளவுதான். இதை யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. சொல்ல ஆள் இருந்திருந்தால் குறையே இருந்திருக்காது.

பலகைக்கு மேல் ஓர் அட்டை தொங்கியது. பழைய பெரிய துரை கையெழுத்திட்ட நடைமுறை அட்டை. அலுவலகத்தில் யாரும் எண்ணைச் சொல்லிக் கேட்பதில்லை. 'உஜோங் பாசிர் வியாபாரியைக் கொடு', 'புக்கிட் பாரு லாரிக்காரரைக் கொடு' என்று ஆளைச் சொல்வார்கள். ஆளுக்கு எண் கண்டுபிடிப்பது என் வேலை. முன்பு ஒரு தடவை, ஒரே பெயர் கொண்ட வேறொரு வியாபாரிக்கு அன்றைய விலையைச் சொல்லிவிட்டார்களாம். அதனால் துரை ஒரு விதி வைத்தார். பெயரை இரண்டு இடத்தில் கேட்க வேண்டும்: ஒரு லைனில் ஊர் எக்ஸ்சேஞ்சின் விசாரணைப் பிரிவு, இன்னொரு லைனில் வியாபாரிகளின் பதிவேடு இருக்கும் தெங்கேரா கிடங்கு. இரண்டும் ஒத்திருந்தால் இணைப்புக் கொடுக்கலாம். கிடங்குக்காரர் கடைசி அடுக்கில் ரப்பர் ஷீட் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும் என்பதால், முப்பது முறை மணி அடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். அதன் பிறகும் பதில் இல்லையென்றால் விசாரணைப் பிரிவிடம் எண்ணைத் திருப்பிச் சொல்லி, உறுதி செய்துகொண்டு இணைக்கலாம். அதுவரை விசாரணை லைனையும் விடக் கூடாது.

விசாரணையில் இருந்த பெண் எண்ணை உடனே சொல்லிவிடுவாள். பிறகு முப்பது மணிக்காக நாங்கள் இருவரும் காத்திருப்போம். முதல் வாரம் ஆங்கிலத்தில் காத்திருந்தோம். ஒருநாள் பிளக்கில் விரல் நசுங்கி நான் "ஐயோ" என்றேன்.

"அட, தமிழா நீங்க? இத்தனை நாளா வெள்ளைக்காரன் மாதிரில்ல பேசிக்கிட்டு இருந்தீங்க!"

அன்றிலிருந்து தமிழில் காத்திருந்தோம். ஒரு பெயருக்கு ஒன்றரை நிமிடம். ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து பெயர்கள். அவள் பெயரை நான் கேட்கவில்லை. பணியில் இருப்பவர்கள் பெயர் சொல்லக் கூடாது என்பது அவர்கள் விதி. விதி என்று தெரிந்தபின் கேட்பது என் வழக்கமில்லை. அவள் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்திருக்கிறேன். அதற்கு விதி எதுவும் இல்லை.

"காலையில என்னா அண்ணே சாப்டீங்க?"

"ரொட்டி."

"நேத்தும் ரொட்டிதான?"

"நேத்து வாங்கின ரொட்டிதான் இது."

"ஒரு இட்லிக்கடை கூடவா இல்ல அந்தப் பக்கம்? எழுந்து நடங்க லா, சோம்பேறி!"

இதற்கிடையில் அலுவலகம் கொந்தளித்தது. பெயர் சொல்லிக் கேட்டால் லைன் கிடைக்க அரை யுகம் ஆகிறது என்று எல்லா மேசையிலிருந்தும் புகார். புதிதாக வந்த மேனேஜர் உள்ளூர்க்காரர். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் சரி செய்ய வேண்டும் என்ற வேகம் இருந்தது. பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, மழைமேல் பழி போட்டார். மழை நின்ற பிறகு காக்கை மேல் போட்டார். டெக்னீஷியன் ஒருவர் வந்து கம்பிகளை மாற்றினார், பலகையின் முதுகைத் திறந்து ஊதினார், பிறகு ஓர் எண்ணைச் சுற்றிப் பார்த்தார். உடனே கிடைத்தது. லைன் சுத்தம் என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போனார். மூன்று முறை வந்தார், மூன்று முறையும் எண்ணைத்தான் சுற்றினார்.

அவர் மூன்றாம் முறை போன பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பலகைமேல் வைத்து ஒரு முழுநாள் நேரம் குறித்தேன். எண்ணாகக் கொடுத்தால் ஐந்து வினாடி. பெயராகக் கொடுத்தால் தொண்ணூறுக்கு மேல். அதிலும் விசாரணையின் பதில் நான்கு வினாடியில் வந்துவிடுகிறது. மிச்சம் முழுவதும் தெங்கேரா கிடங்கின் மணி.

அந்தக் கிடங்கு மூடப்பட்டு ஐந்து மாதம் ஆகியிருந்தது.

இது எனக்குத் தெரியாத செய்தியல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் கடலைப் பார்க்க அந்த வழியாகத்தான் நடந்து போவேன். கதவில் பூட்டு, பூட்டின் மேல் துரு. சுற்றறிக்கையை நானே கோப்பில் போட்டிருக்கிறேன். பதிவேடு எங்கள் மாடிக்கு வந்து அலமாரியில் கிடந்தது. ஆனால் மூடிய கிடங்கு தெங்கேராவில் இருந்தது. நான் மணி அடித்த கிடங்கு அட்டையில் இருந்தது. சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவனுக்கு இரண்டும் ஒன்று என்று உறைக்கவில்லை. போன் இணைப்பை நிறுத்த யாரும் எழுதவில்லை. அட்டையைத் திருத்த, கையெழுத்திட்ட துரைக்குத்தான் அதிகாரம், அவரோ கப்பலேறிவிட்டார். ஐந்து மாதம் நான் ஒரு காலிக் கொட்டகைக்கு விதி பிசகாமல் மணி அடித்துக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்த அன்றே பெரிய கிராணியிடம் சொல்லியிருக்க வேண்டும். பதினொரு நாள் சொல்லவில்லை. அட்டையில் ஒரு வரியை அடித்துவிட்டால் பெயருக்கு எட்டு வினாடி போதும். எட்டு வினாடியில் ரொட்டியைப் பற்றிக்கூடப் பேச முடியாது. கடமை தவறியது என் உத்தியோக வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். நன்றாகத் தெரிந்தே தவறினேன்.

பன்னிரண்டாம் நாள் அவள் எண்ணைச் சொல்லிவிட்டு, வழக்கம்போல் சிரிக்கவில்லை.

"அண்ணே, உங்க போர்டு மட்டும் ஏன் இவ்ளோ நேரம் பிடிக்குது? சூப்பர்வைசர் நேத்து பின்னால நின்னு மணி பாத்தாங்க. கம்பெனி ஆளோட கதை பேசுறேனாம். இன்னொரு தடவை பாத்தா என்னைய இந்த எடத்துல இருந்து தூக்கிருவாங்களாம்."

"பேசுறோம்தான?"

"சிரிக்காதீங்க லா. வீட்ல நான் ஒருத்திதான் சம்பாரிக்கிறேன்."

கிடங்கு இருபதாவது முறையாக மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் அந்தப் பிளக்கை உருவினேன். எண்ணைத் திருப்பிச் சொன்னேன். அவள் சரி என்றாள். இணைத்தேன். முப்பதுக்கு முன் நான் உருவியது அதுவே முதல் தடவை.

மத்தியானம் பெரிய கிராணியின் மேசைக்குப் போய், நேரக் குறிப்புகளை வைத்து விளக்கினேன். அவர் இரண்டு தரம் கேட்டுக்கொண்டார்.

"கெடங்குதான் மூடியாச்சே, தம்பி?"

"ஆமாங்க ஐயா."

"மூடுன கெடங்குக்கா போன் அடிச்சிக்கிட்டு இருந்த?"

"அட்டையில இருக்குதுங்க."

அவர் தானே எழுந்து வந்து, சிவப்பு மையால் அந்த வரியை அடித்து, மேனேஜருக்காகக் கையெழுத்திட்டார். பதிவேட்டை மாடியிலிருந்து இறக்கி என் பக்கத்தில் வைக்கச் சொன்னார். பெயருக்கு எட்டு வினாடி என்று அன்று மாலை எல்லா மேசைக்கும் போய்ச் சொன்னார். கண்டுபிடித்தது அவர்தான் என்று மேனேஜர் நினைத்தார். நான் திருத்தவில்லை.

மறுநாள் முதல் பெயரிலேயே அவளிடம் சொன்னேன். இனி கிடங்கு இல்லை, காத்திருக்க வேண்டியதில்லை.

"அப்ப சூப்பர்வைசர் வாய மூடிக்குவாங்க. நல்ல வேளை அண்ணே."

"நல்ல வேளைதான்."

"பேசத்தான் நேரம் இருக்காது."

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் கட்டடத்தில் யாரோ இன்னொரு பெயரைக் கேட்டார்கள். அவள் எண்ணைச் சொன்னாள், நான் திருப்பிச் சொன்னேன், சரி என்றாள்.

அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. அவள் எண்ணைச் சொல்வதற்கு முன் சில சமயம் ஒரு மூச்சு இழுப்பாள். அல்லது நான் அப்படி எண்ணிக்கொண்டேன். வெளியே ஒரு பொதுத் தொலைபேசியிலிருந்து விசாரணையைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் யாராவது ஒருவரின் எண்ணைக் கேட்க வேண்டும். எனக்கு யார் எண்ணும் தேவைப்படவில்லை. இப்போது யோசித்தால், ஏதாவது ஒரு துணிக்கடையின் பெயரைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஒரு திங்கட்கிழமை விசாரணையில் ஓர் ஆண்குரல் வந்தது. அவளுக்குக் கல்யாணமா, மாற்றலா, தெரியாது. பெயர் தெரியாமல் அந்தக் குரலிடம் யாரைக் கேட்பது? புக்கிட் பாரு லாரிக்காரரின் பெயரைச் சொன்னேன். புதியவர் இன்னும் வேகம். ஆறே வினாடி.