விரிசலைக் கேட்கும் காது

வலது கை நடுவிரல் நகத்தால் காலித் தம்ளரை ஒரு சுண்டு சுண்டி, தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொள்கிறாள். டீக்கடைக்காரர் கெட்டிலைத் தூக்கியபடி நிற்கிறார். தம்ளரின் நாதம் முழுக்க அடங்கினால்தான் டீ ஊற்றவிடுவாள். "இது நல்லாப் பாடுது. அந்த ஓரத்துல இருக்கறதை எடுத்துப் போட்டுருங்க, அடியில கீறல் விட்டிருக்கு" என்கிறாள். ஆரம்பத்தில் அவர் தம்ளரை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லையே என்று வாதாடுவாராம். மூன்றாம் நாள் கொதிக்கக் கொதிக்க ஊற்றும்போது அடி கழன்று அவர் காலில் விழுந்ததிலிருந்து வாதம் நின்றுவிட்டது.

எங்கள் ஊரில் அவளுக்கு டிங் அக்கா என்று பெயர். சொந்தப் பெயர் அரசாங்க அட்டையில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. கண்ணாடித் தம்ளர் தொழிற்சாலையில் கடைசி மேசை அவளுடையது. பெல்ட்டில் ஊர்ந்து வரும் தம்ளர்களை ஒவ்வொன்றாகச் சுண்டுவாள். பாடினால் இடப்பக்கம் போகும். இருமினால் வலப்பக்கம், உடைத்து மறுபடி உருக்குவதற்கு. இருபத்திரண்டு வருடம் இதுதான் வேலை. அந்த ஒரு நகத்தை மட்டும் வளர்த்து, அரம் போட்டு வைத்திருக்கிறாள். உலை வேலை செய்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட கணவரைப் பற்றிக் கேட்டால், "அவரும் இருமற சரக்குதான். எடுத்துப்போட மனசு வரல" என்பாள். மாமா அதைக் கேட்டுச் சிரிக்கப் போய், சிரிப்பு இருமலில் முடியும்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு திங்கட்கிழமை தொழிற்சாலைச் சங்கு ஊதவில்லை. சாப்பாட்டுப் பையோடு பத்து மணிவரை வாசலில் நின்றோம். பிறகு வீட்டுக்குப் போனோம். அவ்வளவுதான். தையல்காரர் போனார், செருப்புக்கடை போனது, மூன்று பேருந்துக்கு ஒரு பேருந்து என்று ஆனது. இப்போது மாதம் ஒருநாள், வேலை போனவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும் நாளில் மட்டும் ஊர் கண் விழிக்கிறது. சவரம் செய்த ஆண்களை அன்றைக்குத்தான் பார்க்க முடியும். மற்ற நாளெல்லாம், அந்தத் தொகையையும் நிறுத்திவிடப் போகிறார்களாமே என்று ஒருவரையொருவர் பயமுறுத்திக்கொண்டு பொழுதை ஓட்டுவோம். பெட்டி கட்டும் பிரிவில் இருந்த நானும் அந்த வரிசையில் ஒருவன்தான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

அக்கா வீடு எனக்கு எதிர்வீடு. அவள் ஜன்னல் பலகை நிறைய, கழித்துப்போட்ட தம்ளர்கள். நாலு மணிக்கு வெயில் அந்தப் பக்கம் திரும்பும்போது அறைச் சுவரெல்லாம் வெளிச்சம் தண்ணீராக அசையும். தெருவில் பேருந்து போனால் அத்தனை தம்ளரும் சேர்ந்து மெல்ல முனகும். அக்கா நாற்காலியில் கண்மூடி உட்கார்ந்திருப்பாள். விரல் மட்டும் மடியில் சுண்டிக்கொண்டே இருக்கும். தூக்கமா என்று ஒருநாள் கேட்டேன். "பெல்ட்டு ஓடுது. ஒண்ணுகூட விடல" என்றாள், கண்ணைத் திறக்காமலே. அந்த அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் எனக்கும் பெல்ட் ஓட ஆரம்பித்துவிடுகிறது. எழுந்து வரவே மனமிருக்காது.

அவள் பயம் பசியைப் பற்றியதல்ல. காசும் வருகிறது, சாப்பாடும் வருகிறது, ஆனால் சும்மா உட்கார்ந்தே இருந்தால் காது போய்விடும் என்பாள். அதனால் காலையில் ஒரு சுற்று உண்டு. பள்ளிக்கூடத்து ஜன்னல்கள், மருந்துக்கடை ஜாடிகள், பேருந்து நிறுத்தத்தின் தடுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் சுண்டிக் கேட்டு, விரிசல் இருந்தால் உரியவரிடம் சொல்லிவிட்டு வருவாள். யாரும் கேட்கவில்லை, யாரும் கூலி கொடுப்பதுமில்லை.

இந்தச் சுற்றுதான் வினையாக முடிந்தது. உதவித்தொகைப் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: கடந்த மாதம் ஏதேனும் வேலை செய்தீர்களா? முன்பெல்லாம் அலுவலகத்து எழுத்தரே எல்லோருக்கும் சேர்த்து 'இல்லை'யில் கோடு போட்டுவிடுவார். மூன்று மாதத்துக்கு முன், அவரவர் கைப்பட எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. ஊரே படித்துப் பார்க்காமல் இல்லை என்று எழுதிக் கொடுத்தது. அக்கா ஒருத்திதான் நின்று நிதானமாகப் படித்தாள். 'ஆமாம்' என்று எழுதினாள். விவரம் என்ற இடத்தில், பள்ளி ஜன்னல் அறுபத்திரண்டு, நான்கில் விரிசல் என்று தொடங்கி, தாளின் பின்பக்கம்வரை நிரப்பினாள்.

விசாரணை முடியும்வரை தொகை நிறுத்தம் என்று கடிதம் வந்தது. விசாரிக்க வந்தவர், யார் கூலி கொடுக்கிறார்கள் என்று நாலு விதமாகக் கேட்டார். யாருமில்லை என்று நாலு தடவையும் சொன்னாள். அவருக்கும் எதை எழுதுவதென்று தெரியவில்லை, பாவம். அடுத்த படிவத்தைச் சரியாக எழுதிக் கொடுங்கள், போதும் என்று போய்விட்டார். 'சரியாக' என்றால் என்ன என்று எல்லோருக்கும் புரிந்தது. அவள் அடுத்த மாதமும் 'ஆமாம்' என்றே எழுதினாள்.

இரண்டு மாதம் கையில் காசில்லை. மாமா மூச்சுக்கு இழுக்கிற மருந்தை நாளைக்கு ஒருமுறையாகக் குறைத்துக்கொண்டார். அவர் அதிகம் பேசுகிறவரல்ல. அன்று என் முன்னாலேயே கேட்டுவிட்டார். "இல்லைன்னு மூணே எழுத்து. எழுதிட்டா கையா ஒடிஞ்சு போயிடும்?"

"எழுதிடலாம். எழுதினா நானே நம்பிடுவேனே" என்றாள் அக்கா.

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். இருமல்தான் வந்தது, நெடுநேரம் வந்தது. அக்கா தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, அதைக் கடைசிவரை கேட்டாள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

இந்த மாதம் மூவரும் சேர்ந்துதான் போனோம். எழுத்தருக்கு முன்னால் ஒரு தடுப்புக் கண்ணாடி இருக்கிறது. கீழ்மூலையில் மயிரிழை விரிசல். ஒவ்வொரு மாதமும் படிவத்தை நீட்டிவிட்டு அதைச் சுண்டிப் பார்த்து, "சார், கொஞ்சம் ஏறியிருக்கு, மாத்திடுங்க" என்பாள். வரிசையில் நிற்கும் எங்களுக்கு அதைக் கேட்டால்தான் அந்த நாள் அந்த நாளாகும். எழுத்தர் நல்ல மனிதர். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கூலி வாங்கின வேலையத்தாம்மா கேக்குறாங்க. சும்மா செஞ்சதெல்லாம் வேலையில வராது."

"சும்மா செஞ்சது" என்று அக்கா ஒருமுறை தனக்குள் சொல்லிக்கொண்டாள். பேனாவை எடுத்தாள். மூன்று எழுத்தையும் அவசரமில்லாமல் எழுதி, தாளை இடுக்கு வழியாக உள்ளே தள்ளினாள். எழுத்தர் முத்திரை வைத்தார்.

பின்னால் வரிசை காதைத் தீட்டிக்கொண்டது. அக்காவின் விரல் வழக்கம்போல் எழுந்து கண்ணாடிவரை போனது. தொடவில்லை. மடங்கி, பைக்குள் போய்விட்டது. அவள் நகர்ந்து வழி விட்டாள். அடுத்தது நான். என் படிவத்தை நீட்டாமல் கையிலேயே வைத்திருந்தேன்.

மாமா என் தோளைத் தாண்டிக் கையை நீட்டினார். உலையில் வெந்து தடித்துப்போன விரல், நகம் பாதிதான் இருக்கிறது. அந்த விரலால் கண்ணாடியை ஒரு சுண்டு சுண்டினார். டொக் என்றது. சுண்டத் தெரியாதவர் சுண்டினால் அப்படித்தான் கேட்கும். வாசல்வரை போய்விட்டிருந்த அக்கா நின்றாள். திரும்பவில்லை. தலை மட்டும் மெல்லச் சாய்ந்தது.