ஜலஜாவின் இடது கை

மந்தைவெளியில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஜலஜாவுக்குக் குரல் வாய்க்கவில்லை. தாளம் மட்டும் உடம்பில் ஊறிவிட்டது. சிறு வயதில் அவளும் மஹதியும் ஒரே பாட்டு வகுப்பு. மஹதி மேடைக்குப் போனாள். ஜலஜா முன்வரிசைக்குப் போனாள். அதில் அவளுக்கு வருத்தமெல்லாம் கிடையாது. நாற்பதைத் தாண்டிய பிறகு அடையாறில் ஒருவர் விற்ற பழைய கேமராவை வாங்கி, கோயில் குளத்துப் புறாக்களை எடுத்து எடுத்துக் கை பழகினாள்.

போன வருஷம் மஹதிக்குத் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. குரல், முக்கியமாக மேல் ஸ்வரங்கள், பழையபடி திரும்பும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. மெல்ல மெல்லச் சாதகம் செய்து, இந்த மார்கழியில் மயிலாப்பூரின் சின்ன சபா ஒன்றில் காலைக் கச்சேரிக்கு ஒப்புக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் பாடுவேனோ மாட்டேனோ, யாருக்குடி தெரியும்? நான் பாடிண்டிருக்கற மாதிரி ஒரு நல்ல படம் வேணும். மைக் மூஞ்சிய மறைக்கப்படாது."

"எடுத்துத் தரேன்," என்று ஜலஜா வாக்குக் கொடுத்துவிட்டாள்.

சபாவில் ஃப்ளாஷ் கூடாது, ட்ரைபாடும் கூடாது. மேடை விளக்கோ மங்கல். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் முகம் இருண்டது; குறைத்தால் கையின் சிறு அசைவும் படத்தில் விழுந்தது. ஜலஜா தெரிந்ததையெல்லாம் செய்தாள். தூணில் தோளைச் சாய்த்தாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். கேமராவைப் புருவத்தில் அழுத்தி, லென்ஸை இடது உள்ளங்கையில் தாங்கி, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, அழுத்தினாள். கலங்கல். மறுபடியும் கலங்கல். வர்ணம் முடிந்து அடுத்த பாட்டும் முடிந்தது, ஒன்றுகூடத் தேறவில்லை.

கைதட்டலுக்கு நடுவே, தூணோர நாற்காலியிலிருந்து ஸ்ரீரங்கன் அவள் பக்கம் சாய்ந்தார். ஒரு கச்சேரி விடாமல் வருபவர். யாரையும் லேசில் பாராட்டாதவர்.

"ஏம்மா, நீங்க படம் எடுக்கறேளா, தாளம் போடறேளா?"

"நான் அசையவே இல்லையே மாமா."

"நீங்க அசையலை. உங்க விரல் அசையறது. சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல்னு லென்ஸுக்கு அடியில ஆதி தாளம் ஓடிண்டிருக்கு. கணக்குத் தப்பலை, அதுவரைக்கும் சரி."

ஜலஜா தன் இடது கையை யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். அடுத்த பாட்டில் விரல்களை இறுக்கினாள். தாளம் குதிகாலுக்கு இறங்கியது.

"நிக்க மாட்டேங்கறது மாமா."

"அப்போ பாட்டைக் கேக்காம எடுங்கோ."

"அது என்னால முடியாது."

"முடியாதுதான்," என்று அவர் மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. மிருதங்கம் ஓய்ந்தது. தம்புராவின் சுருதியில் மஹதி சஹானா ராகத்தை விரிக்கத் தொடங்கினாள். ஆலாபனைக்குத் தாளம் இல்லை. ஜலஜாவின் விரல்கள் எண்ணுவதற்கு ஒன்றுமின்றி லென்ஸுக்கு அடியில் சும்மா கிடந்தன. எத்தனை இறுக்கியும் வராத அமைதி, கேட்டுக்கொண்டே இருந்ததில் தானாக வந்திருந்தது. குரல் மெலிந்துதான் இருந்தது. மேலே ஏறியது, டாக்டர் சந்தேகப்பட்ட மேல் ஷட்ஜத்தை, அந்த உச்ச 'ஸ'வைத் தொட்டு, அசையாமல் அங்கேயே நின்றது. ஜலஜா அழுத்தினாள்.

கச்சேரி முடிந்ததும் ஸ்ரீரங்கனைத் தேடிப்போய்ப் படத்தைக் காட்டினாள்.

"உங்களாலதான் மாமா."

"நான் என்ன பண்ணேன்? உங்க விரல் கண்ணை உறுத்தித்து, சொன்னேன்," என்றார். ஆனால் கேமராவைத் திருப்பிக் கொடுக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மேடைக்குப் பின்னால் மஹதி திரையை அருகில் வைத்துப் பார்த்தாள். நெற்றியில் ஒட்டிய முடி தெரிந்தது. கழுத்தில் சங்கிலிக்கு மேலே, மெல்லிய கோடாகத் தழும்பும் தெரிந்தது.

"தழும்பை வேணா படத்துலேர்ந்து அழிச்சுடறேன்," என்றாள் ஜலஜா.

"சும்மா இருடி," என்றாள் மஹதி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "டாக்டருக்கு இதைத்தான் அனுப்பப் போறேன். ஆபரேஷன் பண்றச்சே அவர் கை நடுங்கியிருந்தா நான் எங்க பாடறது?"